தூதுக்குத் தொண்டை கட்டிய நாள்

மூன்று கடலும் கூடுமிடத்தில் தண்ணீர் மூன்று நிறமாகப் பிரிந்து தெரியும் என்று தில்லைநாயகியிடம் முதன்முதலில் சொன்னவள் ஜெபக்கனி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியின் துவைகல்லில் இருவரும் வெள்ளைத் தாவணிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். கரிசல் காட்டில் பிறந்து, கண்மாயைக் காட்டிலும் பெரிய நீரைக் கண்டறியாத தில்லைநாயகி, நீலம் கரைந்த வாளியைப் பார்த்தபடி அதை அப்படியே நம்பினாள். அந்தப் பழைய சொல் இன்று, மருந்துவாழ் மலையின் படிகளில் மூச்சை அளந்து அளந்து அவள் ஏறிக்கொண்டிருக்கையில், எதற்காகவோ நினைவில் வந்து இடறியது. சொன்னவள் இதோ நான்கு படி முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ, தலையில் ஊதாத் துண்டு, கையில் வேப்பங்கம்பு. ஆனால் அவளைக் கூப்பிட்டு, நீ அன்றைக்குச் சொன்னாயே நினைவிருக்கிறதா என்று கேட்க வழியில்லை. பதினோரு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சுத்தான் இல்லையே தவிரப் பிரிவு என்று ஒன்று இருந்ததில்லை. ஒரே ஊர், பாளையங்கோட்டை, அடுத்தடுத்த தெரு, ஆண்டுக்கொரு பயணம். குற்றாலமோ மூணாறோ, மூவருமாகத்தான் போனார்கள். மூன்றாமவள் உலகம்மாள், அதே விடுதித் தோழி. தில்லைநாயகி ஒன்று சொல்ல வேண்டுமானால் உலகம்மாளிடம் சொல்வாள்; உலகம்மாள் அதைத் திரும்பச் சொல்வாள்; ஜெபக்கனி உலகம்மாளுக்கு மறுமொழி சொல்வாள். பேருந்தில் ஒரே இருக்கையில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முறை அதுதான். உலகம்மாளின் வாய்வழியாக வரும்வரை எந்தச் சொல்லும் காதில் விழுந்ததாகக் கணக்கில்லை. “தலைமையாசிரியர் அவர்களுக்கு ஜன்னல் ஓரம் வேணுமான்னு கேளு ஒலகு” என்பாள் ஜெபக்கனி. “எனக்கு எந்த ஓரமும் வேண்டாம் என்று சொல்” என்பாள் தில்லைநாயகி. “அவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம்ட்டி” என்பாள் உலகம்மாள், நடத்துனர் சீட்டுக் கிழிப்பதைப்போல அலுக்காமல் சலிக்காமல். அந்த உலகம்மாளுக்குத்தான் இன்று தொண்டை கட்டிவிட்டது. நேற்று ரயிலில் நாகர்கோவில் வரும்வரை பாட்டாகப் பாடித் தீர்த்தாள். இறங்கியதும் பனிக்கட்டி மிதக்கும் நன்னாரி சர்பத்து வேண்டுமென்று அடம்பிடித்துக் குடித்தாள். விடிந்து வாயைத் திறந்தபோது, எண்ணெய் காணாத கிணற்று உருளையின் கிறீச்சொலி ஒன்றுதான் வெளியே வந்தது.

காலை வெயில் இன்னும் முதுகைச் சுடவில்லை. பாறைக்கும் பாறைக்கும் இடையில் கசப்பும் காரமுமாக ஏதோ பச்சிலை வாசம். இது சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்று ஊர் சொல்வதை மூக்கால் நம்பலாம்போலிருந்தது. வலது முழங்கால் இன்னும் முனகவில்லை, முனகினாலும் காட்டிக்கொள்ளப் போவதில்லை, காட்டிக்கொண்டால் அங்கே ஓர் ஊதாத் துண்டு திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். சிரித்தால்தான் என்ன? சிரிப்பும் ஒரு பேச்சுத்தானே. இல்லை, சிரிப்பு பேச்சாகாது, பதினோரு ஆண்டில் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள், அது உலகம்மாளுக்கான சிரிப்பு, பக்கத்தில் இருந்தவர் மேலும் சிறிது சிந்தியது, அவ்வளவே. தில்லைநாயகிக்கு எதையும் வகைப்படுத்தி வைக்காவிட்டால் நிம்மதி இராது. ஆகையால், ஏறிக்கொண்டே, தன் கவலையையும் வகைப்படுத்தினாள். பங்குனி பிறந்ததும் உலகம்மாள் மகனோடு குவாஹாட்டிக்குப் போகிறாள். வீட்டை வாடகைக்குப் பேசிவிட்டாள். தொட்டிச்செடிகளைக்கூடப் பங்கிட்டுவிட்டாள், தில்லைநாயகிக்குக் கற்றாழை, ஜெபக்கனிக்குச் செம்பருத்தி. அதன் பிறகு இந்த இருவருக்கும் நடுவே யார்? ஒருவருமில்லை. இன்றைக்குள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நேருக்கு நேராகப் பேசியாக வேண்டும். இல்லையென்றால் இந்தப் பயணம்தான் ஜெபக்கனியோடு கடைசிப் பயணம். அடுத்த தெருவிலேயே இருப்பாள், காய்கறிக் கடையில் தென்படுவாள், ஒருநாள் அவளுக்கோ தனக்கோ உடம்புக்கு ஒன்று வந்தால் அந்தச் செய்தி குவாஹாட்டிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். பேசிவிடலாம். பேசுவதற்கு இன்று மறுப்பே இல்லை. ஆனால் முதல் வார்த்தை யாருடையது? அங்கேதான் வந்து நின்றது. முதல் வார்த்தை தன்னுடையதாக இருக்க முடியாது. தவறு செய்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா? பதினோரு ஆண்டுகளுக்கு முன், இருவரும் வேலைபார்த்த பள்ளியில் ஆய்வு நாள். காலை வழிபாட்டு மணி அடித்தபின் வந்த ஆசிரியைகள் ஐவர். ஐவருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தாள் தலைமையாசிரியை தில்லைநாயகி. ஐவரில் ஒருத்தி ஜெபக்கனி. தோழி என்பதற்காக நால்வருக்குக் கொடுத்து ஒருத்தியை விட்டிருந்தால், அப்புறம் அந்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது? இன்றும் அதே நாள் திரும்பி வந்தால் அதே குறிப்பாணைதான், அதே கையொப்பம்தான், இதில் ஐயமே இல்லை. ஜெபக்கனி மறுநாள் மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கிப் பணிவன்புடன் என்று முடித்து விளக்கம் எழுதிக் கொடுத்தாள். அன்றோடு பெயர் சொல்வதை விட்டாள். ஓய்வுபெற்ற பின்னும் தலைமையாசிரியர் அவர்கள்தான். குறிப்பாணை சரி. பேருந்து வரவில்லை என்ற விளக்கமும் சரி. இரண்டு சரிகள் சேர்ந்து எப்படி இவ்வளவு பெரிய தவறு ஆயின என்று கணக்கு ஆசிரியையான அவளுக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

படிகள் முடிந்து பாறை வழி தொடங்கும் இடத்தில் நிழல் கண்டு உட்கார்ந்தார்கள். வாழையிலைப் பொட்டலம் பிரிந்தது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறிய இட்லியின் மணத்துக்கு மலைக்குரங்கு ஒன்று முறையாக வந்து எதிரே அமர்ந்தது. இட்லி நேற்றே லாட்ஜ்க்காரரிடம் சொல்லி வாங்கியது, பொடி தில்லைநாயகி வீட்டில் இடித்தது. ஜெபக்கனி ஒரு வாய் தின்றாள், கண்ணைச் சுருக்கினாள். வழக்கமாக உலகம்மாளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. உலகம்மாளோ தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். என்ன செய்வாள்? ஜெபக்கனி குரங்கைப் பார்த்தாள். “ஏலே, பாத்துத் தின்னு. இடிச்சவுகளுக்கு மனசு பூரா மொளகா. உனக்குக் கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும்.” தில்லைநாயகி பக்கத்திலிருந்த பாறையைத் தட்டினாள். “கல்லே, காரம் தாங்காதவர்கள் சர்க்கரை தொட்டுத் தின்னலாம் என்று நீயாவது சொல்.” குரங்கு பாறையையும் பாறை குரங்கையும் பார்த்தன. உலகம்மாள் சிரித்தாள்; ஓசை எழவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின, கண்ணில் நீர் முட்டியது. நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியவள், தூது என்று கரும்பலகையில் எழுதி, காதலி மேகத்தை அனுப்பினாள், தென்றலை அனுப்பினாள், நெஞ்சையே அனுப்பினாள் என்று உருகி உருகிச் சொன்னவள். மேகம் போய்ச் சேர்ந்ததா, சொன்னதா, மறுமொழி வாங்கி வந்ததா என்று எந்தப் பிள்ளையாவது அவளைக் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. கணக்குப் பாடத்தில் விடை வராமல் பிள்ளைகள் விடாது. திடீரென்று தில்லைநாயகிக்கு ஒரு சந்தேகம் கொத்தியது: இவள் தொண்டை நிஜமாகவே கட்டியிருக்கிறதா? போவதற்கு முன் இருவரையும் பேசவைக்க இவள் போடும் நாடகமா இது? பிடித்துவிடலாம். எத்தனை பிள்ளைகளின் பொய் வயிற்றுவலியைப் பிடித்தவள். பாறையில் ஏறும்போது உலகம்மாளின் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு போனாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, உலகம்மாளின் செருப்பு சறுக்கியது, ஒரு கணம் இரண்டு கையும் காற்றில் துழாவின, யாத்தே என்று வரவேண்டிய இடத்தில் அதே கிணற்று உருளைதான் கிறீச்சிட்டது. தில்லைநாயகி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபுறத்து முழங்கையை ஜெபக்கனி பிடித்துக்கொண்டாள். நடுவே உலகம்மாள், இரு பக்கமும் பார்த்து, வாயை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் தெரியாததுபோல மேலே பார்த்தார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சேலை பாய்மரமாகிப் படபடத்தது, தலைமயிர் வாய்க்குள் போயிற்று, மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது தில்லைநாயகிக்கு மூச்சு நின்று பிறகு வந்தது. கீழே வயல்கள் ஈரக் கோலம் போலக் கிடந்தன. குளங்களில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. தென்னைகள், அந்தப் பக்கம் காற்றாலைகள், பிறகு கடல், கடல், இந்தக் கோடி தொட்டு அந்தக் கோடிவரை, முடிவு என்று ஒன்று வேண்டுமே என்பதற்காக ஒரு கோடு போட்டதுபோல் தொடுவானம். எவ்வளவு பெரியது, எவ்வளவு வேலையில்லாமல் கிடக்கிறது, அறுபத்தேழு வயதில் இதைப் பார்த்துக்கொண்டு வேலையில்லாமல் நிற்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். மணி அடிக்க வேண்டியதில்லை. எவரும் தாமதமாக வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு மூடி கழன்றுகொண்டது. அப்போதுதான் முன்பே ஏறி வந்திருந்த ஒரு குடும்பத்துத் தகப்பனார் தம் மகளைத் தூக்கிப் பிடித்து, அந்தா பார், மூணு கடல், மூணு கலர் என்று கன்னியாகுமரிப் பக்கம் கையைக் காட்டினார். ஜெபக்கனி புவியியல் ஆசிரியையாக ஓய்வுபெற்றவள். அவளால் பொறுக்க முடியுமா? உலகம்மாளின் காதருகே குனிந்து, ஆனால் மலையே கேட்கும்படி, “மூணு கலராம்லா! கடலுக்கு நடுவுல கோடு போட்டா வச்சிருக்கு? ஆழம், மேகம், மணலு, அதப் பொறுத்து நெறம். எந்த மூதி சொல்லி வச்சாளோ, ஊரு பூரா இன்னும் அதயே சொல்லுது” என்றாள். தில்லைநாயகியின் காதில் அது விழுந்ததாகக் கணக்கில்லை. முறைப்படி விழவில்லை. விழவே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எந்த மூதி சொன்னாளாம். எந்த மூதியாம். ஓர் உண்மை இருக்கிறது, அதற்கு நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, சாட்சியாக ஒரு வாளி இருந்தது, அது கண்முன்னால் தவறாகிப் போய்க்கொண்டிருக்கிறது, திருத்தாமல் எப்படி விடுவது, சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு— “நீதானட்டி சொன்ன!” யார் குரல் இது? தன் குரல்தான், ஆனால் தலைமையாசிரியை வருவதற்கு எவ்வளவோ முன்னால் அந்தத் தொண்டையில் குடியிருந்த ஒரு கரிசல்காட்டுப் பெண்ணின் குரல். நிறுத்தவும் முடியவில்லை. “துவைகல்லுல வச்சு. ஞாயித்துக்கெழம. தாவணிக்கு நீலம் போடும்போது. நீதான் சொன்ன, வேற எவளும் சொல்லல!” உலகம்மாளின் கையிலிருந்த நெல்லிக்காய் நழுவிப் பாறையில் உருண்டு போயிற்று. ஜெபக்கனி திரும்பினாள். கண்ணோடு கண் பார்த்தாள். அந்தக் கண்களை இவ்வளவு நேராகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று, இடது கண்ணில் மெல்லிய வெண்படலம் விழத் தொடங்கியிருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே. பிறகு ஜெபக்கனி ஊதாத் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும் வழி முழுவதும் அந்த ஒன்றும் சொல்லாமை அவளுக்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு நடந்தது. முதலில் பேசியாயிற்று. இத்தனை ஆண்டு கட்டிக்காத்தது ஒரு கடல் நிறத்துக்காகப் போயிற்று, போயும் பலனில்லை. காற்றில் கேட்டிராதோ? கேட்டது, கண்ணோடு கண் பார்த்தாளே. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறாளா? அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது, உலகம்மாள் திரும்பச் சொல்லும்வரை எதுவும் பேச்சில்லை, உலகம்மாளுக்குத் தொண்டையில்லை, ஆகவே தில்லைநாயகி பேசவில்லை. எடுகோள், நிறுவல், முடிவு. இப்படி நிறுவியபோது கொஞ்சம் மானம் மிஞ்சியது, ஆனால் மிஞ்சிய மானத்தை வைத்துக்கொண்டு பங்குனிக்கு மேல் என்ன செய்வது, கற்றாழைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து நீர் ஊற்றுவதா? ஆனாலும், என்ன வியப்பு, உடம்பு கனக்கவில்லை. நீதானட்டி. அந்தச் சொல் நாக்கில் இன்னும் புளியங்காய்போல் இனித்துப் புளித்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு ஒருமையில் ஒருத்தியைக் கூப்பிட்டு எவ்வளவு காலம்! இந்த உலகத்தில் தன்னை ‘அம்மா’, ‘டீச்சர்’, ‘மேடம்’, ‘அவர்கள்’ என்று கூப்பிட எத்தனையோ பேர். போட்டி போட்டு ஏட்டி என்று கூப்பிட இருவர்தான், அதில் ஒருத்திக்கு ரயில் ஏற நாள் குறித்தாயிற்று. பாறை செங்குத்தாக இறங்கும் ஓரிடத்தில் முன்னால் போனவள் நின்றாள். திரும்பவில்லை. வேப்பங்கம்பை மட்டும் பின்னால் நீட்டினாள். தில்லைநாயகி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சமதரை வந்ததும் கம்பு போய்விட்டது. கம்பு பேச்சாகுமா? ஆகும் என்று ஒரு மனம் சொல்லியது; ஆகாது, சான்று போதாது என்று மற்றொரு மனம் திருத்தியது; இரண்டுக்கும் நடுவில் அவள் சிரித்துக்கொண்டே நடப்பதை உலகம்மாள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் சொத்தவிளைக் கடற்கரை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் உலகம்மாள் மணலைத் தட்டிச் சமன்செய்து, தேங்காய்ப்பூத் துவாலையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். சற்றைக்கெல்லாம் துவாலை ஏறி இறங்கியது, உள்ளிருந்து ஒரு குறட்டை, தொண்டை கட்டினாலும் குறட்டை கட்டவில்லை. மற்ற இருவரும் அலைக்கு அருகே போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் தில்லைநாயகி கவனித்தாள்: இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் தானாகவே விடப்பட்டிருந்தது. நண்டு ஒன்று அந்த இடத்தில் ஏறி, இரு பக்கமும் பார்த்து, வேண்டாம் என்று இறங்கிப் போயிற்று. வெயில் பழுத்துக்கொண்டிருந்தது. அலை வந்து நுரையைப் பரப்பிவிட்டு, மறந்ததை எடுக்கப் போகிறவள்போல் விரைந்து திரும்பியது. கால் அடியில் மணல் கரையும்போது உள்ளங்காலில் யாரோ விரலால் எழுதுவதுபோலக் கூசியது. ஜெபக்கனி ஷூவைக் கழற்றிவிட்டு எழுந்து நீருக்குள் இறங்கினாள். தானும் இறங்குவதா? அவள் இறங்கியதால் இறங்கியதாக ஆகாதா? ஆகட்டும். இறங்கினாள். கணுக்கால், கெண்டைக்கால், குளிர் மேலேறியது, உள்ளே ஒரு குழந்தை கீச்சென்றது. அந்த நேரத்தில்தான், கடலைப் பார்த்தபடியே, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லும் குரலில், “சேலயத் தூக்கிச் செருகுட்டி தில்ல. நனையுதுல்லா” என்றாள் ஜெபக்கனி. தில்லைநாயகி பழக்கத்தில் உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். துவாலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேறு தில்லை அங்கே எவளும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகினாள். “மேல வச்சு நீ சொன்னது கேட்டுச்சு” என்றாள் ஜெபக்கனி. “கேட்டுச்சா? பெறகு ஏன் வாயத் தெறக்கல? மலை எறங்குற வரைக்கும் என் உசிர எடுத்துட்ட.” “யோசிக்க வேண்டாமா? நெசமாவே நாந்தான் சொன்னனான்னு. பதினோரு வருசம் கழிச்சு ஒரு பதில் சொல்லப் போறேன், தப்பாப் போயிட்டா நீ உடனே குறிப்பாணைல்லா கொடுப்ப.” “கொடுப்பேன்தான்.” “தெரியும். வாங்கிக்கிடுவேன்தான்.” ஜெபக்கனி அலைக்கு ஒரு முறை எம்பிவிட்டு, “நாந்தான் சொன்னேன், நெனப்பு வந்துட்டு. ஆனா ஒண்ணு தெரியுமாட்டி? அப்ப நானே கடலப் பாத்தது கெடையாது” என்றாள். ஒரு கணம் தில்லைநாயகிக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி வந்தது. ஓர் அலை முழங்காலில் மோதித் தள்ளாடவைத்தது. ஜெபக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிடித்துக்கொண்டோம் என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது. நம்பினேனே, பாவி, அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நம்பினேனே. சிரித்து ஓய்ந்தார்கள். சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜெபக்கனியின் குரல் இறங்கிப் போயிருந்தது. “ஒலகு போன பெறவு யாருட்டி மொதல்ல போன் பண்ணணும்? நீயா, நானா?” அதே இடம், அதே முட்டு, ஆனால் இந்த முறை அது வெளியே, இருவருக்கும் நடுவே, ஈரக்காற்றில் கிடந்தது. இவளும் இதையேதான் சுமந்துகொண்டு மலை ஏறினாளா? தில்லைநாயகி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நியாயமான வழி ஒன்றைச் சொன்னாள். “முறை வச்சுக்கிடுவோம். திங்கள், புதன், வெள்ளி நான் கூப்பிடுதேன். செவ்வாய், வியாழன், சனி நீ. ஞாயிறு—” “ஞாயிறு விடுமுறையா? போன் பேசவும் கால அட்டவணையாட்டி, அடி மூதி!” ஜெபக்கனி குனிந்தாள், தண்ணீரை அள்ளினாள், வீசினாள், தில்லைநாயகி நிமிர்வதற்குள் இன்னொன்று. கண்ணாடி, மூக்கு, வாய், எல்லாம் உப்பு. கரையில் உலகம்மாள் எழுந்து உட்கார்ந்து துவாலையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, சொல்ல ஆயிரம் இருந்தும் சொல்ல முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். தில்லைநாயகி கண்ணாடியைக் கழற்றினாள், மடித்தாள், இடுப்பில் பத்திரமாகச் செருகினாள். ஜெபக்கனி ஓடவில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். முழங்கால் கெஞ்சக் கெஞ்சக் குனிந்து அள்ளிய முதல் நீர் விரலிடுக்கில் ஒழுகிப்போயிற்று. அது கணக்கில் சேராது. மறுபடி விரல்களை நன்றாக இறுக்கிக்கொண்டு அள்ளினாள். வீசினாள். மறுபடி அள்ளினாள். வாங்கியதற்குக் குறையாமல், கூடாமல், முகத்துக்கு நேரே: இரண்டு கை நிறைய.